கோழியும் கோழியரும்: உறையூர்ப் பெயர்வழக்கு ஒன்றின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

சோழரின் பழந்தலைநகரான உறையூர் தமிழ் இலக்கியங்களில் ‘கோழி’ என்றும், அவ்வூரார் ‘கோழியர்’ என்றும் வழங்கப்பெற்றுள்ளனர். யானையைக் கோழி ஒன்று வென்ற நிலத்தில் எழுந்த நகர் ஆதலின் இப்பெயர் வந்தது என்பது உரையாசிரியர் காலந்தொட்டு வழங்கும் விளக்கம். இலண்டன் நகரத்தாரைக் குறிக்கும் ‘காக்னி’ என்ற சொல்லும் சேவலோடு தொடர்புடையது. அதற்கும் ஒரு விளக்கக் கதை உண்டு. இவ்விரு பெயர்களின் வரலாற்றையும் ஒப்பிட்டு, உறையூர்க் கதை பெயருக்குப் பின் தோன்றியது என்பதையும், ‘கோழியர்’ என்ற ஊரார் பெயர் வேந்தர் அடைமொழியாகிப் பின் வழக்கிழந்ததையும், ‘கோழி’ என்ற ஊர்ப்பெயர் திருவரங்கத்தைச் சார்ந்த வைணவ மரபில் மட்டும் எஞ்சியதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: உறையூர், கோழி, கோழியர், வாரணம், திருக்கோழி, திருவரங்கம், காக்னி, மக்கள் சொற்பிறப்பு.

முன்னுரை

ஊர்ப்பெயராய்வில் இரு வினாக்கள் அடிக்கடி ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஒரு பெயர் எதிலிருந்து பிறந்தது என்பது ஒன்று. அப்பெயரை மக்கள் எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பது மற்றொன்று. முன்னதற்குச் சொல்லின் வடிவமும் காலமும் சான்றாகும். பின்னதற்குத் தலபுராணமும் உரைகளும் வாய்மொழிக் கதைகளும் சான்றாகும். இரண்டாவதற்கு உரிய சான்றை முதலாவதற்கு உரியதாகக் கொள்ளும்போது கதை வரலாறாகிவிடுகிறது.

திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் உறையூருக்கு இலக்கியங்களில் உறந்தை, கோழி, வாரணம் எனப் பல பெயர்கள் உண்டு. இவற்றுள் ‘கோழி’ தனித்துவமுடையது. மற்றப் பெயர்கள் ஊரை மட்டும் சுட்டி நிற்க, இப்பெயர் தன்னோடு ஒரு கதையையும் சுமந்து வருகிறது. கதையைக் கூறி அமைந்துவிடும் போக்கே உறையூர் குறித்த நூல்கள் பலவற்றிலும் காணப்படுகிறது. பெயர் முந்தியதா, கதை முந்தியதா என்ற வினாவும், அப்பெயரால் அழைக்கப்பட்ட ஊராருக்கு என்ன நேர்ந்தது என்ற வினாவும் போதிய கவனம் பெறவில்லை. இவ்விரு வினாக்களுக்கும் விடை காண இலண்டனின் ‘காக்னி’ என்ற சொல் ஒரு நல்ல ஒப்பீட்டுக் களமாக அமைகிறது.

காக்னி: ஓர் ஒப்பீட்டுக் களம்

கிழக்கு இலண்டனின் உழைக்கும் மக்களையும் அவர்தம் பேச்சுவழக்கையும் இன்று குறிக்கும் ‘காக்னி’ என்ற சொல் தொடக்கத்தில் ஊரையோ மக்களையோ குறிக்கவில்லை. இடைக்கால ஆங்கிலத்தில் ‘கோக்கெனெய்’ என வழங்கிய இச்சொல்லைச் சேவல் என்னும் பொருளுடைய சொல்லும் முட்டை என்னும் பொருளுடைய சொல்லும் இணைந்ததாக அறிஞர் பலர் கொள்வர். சேவல் இட்ட முட்டை, அதாவது உருச்சிறுத்த பயனற்ற முட்டை என்பது இதன் பொருள். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் லாங்லண்டின் நெடும்பாட்டில் இச்சொல் முட்டையைக் குறித்து வருகிறது. அதே நூற்றாண்டில் ஜெஃப்ரி சாசரின் கதைப்பாட்டு ஒன்றில் செல்லமாய் வளர்ந்த வலுவற்ற ஆணை இகழும் சொல்லாக மாறியிருக்கிறது.

16ஆம் நூற்றாண்டில் நாட்டுப்புறத்தார் பெருநகரத்தாரை எள்ளும் சொல்லாக இது ஆயிற்று. உழவும் கால்நடையும் அறியாத நகரவாசி வலுவற்ற முட்டைக்கு ஒப்பிடப்பட்டான். 1600இல் வெளிவந்த சாமுவேல் ரௌலண்ட்ஸின் அங்கத நூலில் இச்சொல் புனித மேரி-லெ-போ தேவாலயத்தின் மணியோடு சேர்த்து வழங்கப்படுகிறது. அம்மணியோசை கேட்கும் எல்லைக்குள் பிறந்தவரே காக்னி என்ற வரையறை இதன்வழி உருவாயிற்று. 1617இல் அகராதி தொகுத்த ஜான் மின்ஷூ இப்பெயருக்கு ஒரு கதையையும் தந்தார். இலண்டன் சிறுவன் ஒருவன் தந்தையோடு நாட்டுப்புறம் சென்றபோது குதிரை கனைப்பதைக் கேட்டு அதன் பெயரை அறிந்துகொண்டான். பின்னர்ச் சேவல் கூவியபோது ‘சேவலும் கனைக்குமோ’ என வினவினான். ஆங்கிலத்தில் சேவல், கனைத்தல் ஆகிய இரு சொற்களும் அடுத்தடுத்து ஒலிப்பின் ‘காக்னி’ என்ற ஒலி கிடைக்கும். கதை முழுதும் இவ்வொலியொப்புமையின்மேல் கட்டப்பட்டது. இதனைச் சொல்லின் பிறப்பாக மொழியியலார் எவரும் இன்று கொள்வதில்லை.

இவ்வரலாற்றில் கருதத்தக்கவை மூன்று. பெயரை இட்டவர் ஊரார் அல்லர், புறத்தார். பெயர் வழக்கூன்றிப் பல தலைமுறை கடந்த பின்னரே விளக்கக் கதை தோன்றியது. இகழ்ச்சியாகத் தொடங்கிய பெயரை ஊராரே ஏற்றுத் தம் அடையாளமாக்கிக் கொண்டதால் அது இன்றளவும் வாழ்கிறது. இம்மூன்று கூறுகளையும் உறையூருக்குப் பொருத்திக் காணலாம்.

சங்கப் பாடல்களில் கோழி

உறையூரைக் ‘கோழி’ எனச் சுட்டும் பழைய சான்றுகளுள் புறநானூற்றின் 67, 212 ஆகிய இரு பாடல்களும் முதன்மையானவை. இரண்டும் பிசிராந்தையார் பாடியவை. இரண்டும் கோப்பெருஞ்சோழனைப் பற்றியவை. 67ஆம் பாட்டு அன்னச்சேவலை விளித்து, வடதிசை செல்லும் வழியில் சோழநாட்டுக் கோழி நகரின் உயர்ந்த மாடத்தில் தங்கி, அரண்மனை புகுந்து, வேந்தனிடம் தம் பெயரைக் கூறுமாறு வேண்டுகிறது. 212ஆம் பாட்டு உம் வேந்தன் யார் என வினவுவோருக்கு விடையாக அமைந்து, அவ்வேந்தனைக் ‘கோழியோன்’ எனக் குறிக்கிறது.

இப்பாடல்களைப் பாடிய புலவர் பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊரினர். தம் வேந்தனாக வேற்று நாட்டுச் சோழனை அவர் கூறுகிறார். ஆகவே ‘கோழி’ என்ற பெயர் அக்காலத்திலேயே சோழநாட்டிற்கு அப்பாலும் விளக்கம் வேண்டாது புரியும் பெயராய் இருந்தது எனலாம். அவ்விரு பாடல்களிலும் யானையில்லை, போரில்லை, நகரம் தோன்றிய செய்தியும் இல்லை. 212ஆம் பாட்டு உழவரின் உண்டாட்டையும் நாட்டின் வளத்தையும் கூறி, புலவர் பொத்தியாரோடு வேந்தன் கொண்ட நட்பைப் பாராட்டி முடிகிறது. ஊரின் பெயரை வீரத்தோடு இணைத்துப் பாட வாய்ப்பிருந்தும் புலவர் அவ்வாறு பாடவில்லை.

சோழரின் அவைக்கும் அறத்திற்கும் சிறப்புக் கூறும் பிற சங்கப் பாடல்கள் ‘உறந்தை’ என்ற பெயரைப் பெரிதும் ஆள்கின்றன. அயல்நாட்டார் குறிப்புகளிலும் ‘உறை’ என்ற அடியே காணப்படுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ் மெல்லிய துணிக்குப் பெயர்பெற்ற ‘அர்கரு’ என்ற இடத்தைக் குறிக்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் தாலமி சோழ அரசிருக்கையை ‘ஒர்தௌரா’ என்கிறார். இரண்டும் உறையூரின் திரிபுகள் என்பது பெரும்பான்மை ஆய்வாளர் கருத்து. வணிகரும் மாலுமியரும் கேட்ட பெயர் உறையூர். புலவர் வழக்கில் அதனோடு இணைந்து நின்ற மற்றொரு பெயர் கோழி என இச்சான்றுகளால் கொள்ளலாம்.

1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகம் உறையூரில் நிகழ்த்திய அகழாய்வு, கருப்பு-சிவப்பு மட்கலங்களையும் உரோமானியத் தொடர்புடைய கலத்துண்டுகளையும் தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளையும் சாயத்தொட்டியின் எச்சத்தையும் வெளிப்படுத்தியது. நெசவும் சாயமேற்றலும் நிகழ்ந்த ஒரு தொழில்நகரின் சித்திரம் இது. கோழியர் எனப் பிற்காலப் பாட்டுகள் குறிக்கும் மக்கள் யாவர் என்பதற்கு இவ்வெச்சங்களே நெருங்கிய சான்று.

ஒரு சொல், இரு விலங்கு

கோழி யானையை வென்ற செய்தியின் முதல் தெளிவான குறிப்பு சிலப்பதிகாரத்தில் உள்ளது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூர் புகும் இடத்தில், நாடுகாண் காதையின் இறுதியில், ‘வாரணம்’ என்ற சொல் இருமுறை ஆளப்படுகிறது. முதலில் வருவது முறம் போன்ற செவியையுடைய யானை. அடுத்து வருவது சிறகையுடைய கோழி. முன்னதைப் போரில் அழித்த பின்னதன் பெயரால் ஊர் குறிக்கப்படுகிறது. இவ்விடத்திற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், முற்காலத்தில் ஒரு கோழி யானையைப் போரில் வென்றமையால் அந்நிலத்தில் அமைத்த நகருக்கு அப்பெயர் ஆயிற்று என்று விளக்குகிறார். பிற்காலத்து விளக்கங்கள் பலவும் இவ்வுரையின் வழிப்பட்டவையே.

இளங்கோவடிகளின் சொல்லாட்சியை நுணுகிக் காணின் கதையின் கட்டமைப்பு புலப்படும். ‘வாரணம்’ யானைக்கும் பெயர், கோழிக்கும் பெயர். யானையைக் குறிக்கும்போது இது வடமொழி வழக்கோடு ஒத்துச் செல்கிறது. கோழியைக் குறிக்கும் வழக்கு தமிழ் நூல்களில் பயின்று வருகிறது. ஊரின் பெயராகிய ‘கோழி’ என்பதற்கு ஒத்தபொருட்சொல்லாக ‘வாரணம்’ என்பதைப் புலவர் வழங்கத் தொடங்கியதும், அதே சொல்லின் மற்றொரு பொருளாகிய யானையும் உடன்வந்து நிற்கிறது. கதையில் மோதும் இரு விலங்குகளும் ஒரே சொல்லின் இரு பொருள்கள் என்பது தற்செயல் ஆகாது. ஊர்ப்பெயர் கோழி, கோழிக்கு மறுபெயர் வாரணம், வாரணம் என்பது யானையும் ஆம், ஆகவே யானையை வென்ற கோழி. மின்ஷூவின் கதை இரு சொற்களின் ஒலிச்சேர்க்கையில் பிறந்தது போல, உறையூர்க் கதை ஒரு சொல்லின் பொருட்பிரிவில் வளர்ந்தது எனக் கருத இடமுண்டு.

இதனால் சிலப்பதிகாரக் குறிப்பு வெறும் சொல்விளையாட்டு என்று ஒதுக்கத்தக்கதன்று. வாய்மொழியில் முன்னரே வழங்கிய கதை ஒன்றை இளங்கோவடிகள் இச்சொல்லால் நயம்படக் கூறியிருத்தலும் கூடும். எவ்வாறாயினும், சங்கப் பாடல்களில் பெயர் மட்டும் உள்ளது. பின்னைய காப்பியத்தில் பெயரோடு கதையும் உள்ளது. அதற்கும் பின்னைய உரையில் கதை பெயருக்குக் காரணமாகிறது. சான்றுகளின் கால வரிசை பெயரிலிருந்து கதைக்கே செல்கிறது.

பெயரின் உண்மையான பிறப்பு எது என்ற வினா இதன்பின் எழும். பூவாது காய்க்கும் ஆல், அத்தி முதலிய மரங்களைக் குறிக்கும் ‘கோளி’ என்ற சொல்லோடு இப்பெயரை இணைக்கலாமோ எனின், ளகரமும் ழகரமும் பழந்தமிழில் பொருள் வேறுபடுத்தும் தனி ஒலிகளாதலின் அது பொருந்தாது. பறவையின் பெயரால் ஊர் பெயர் பெறுதல் தமிழில் இயல்பு. அப்பறவை ஒரு குடியின் அடையாளமாகவோ, கோழிப்போர் நிகழும் களத்தின் குறிப்பாகவோ இருந்திருக்கலாம். புறப்பொருள் வெண்பாமாலை கோழி வென்றியைத் தனித் துறையாக்கும் அளவிற்குக் கோழிப்போர் தமிழகத்தில் வேரூன்றியிருந்தது. குறுந்தொகைப் புலவர் ஒருவர், குப்பைக்கோழிகள் விலக்குவாரின்றித் தாமே பொரும் போரை உவமையாக்கியதால் குப்பைக்கோழியார் என்றே பெயர் பெற்றார். இச்சூழலில் கோழி என்ற பெயருக்கு யானை இன்றியமையாதது அன்று.

கதையின் வகைமை

எளிய விலங்கு வலிய விலங்கை எதிர்த்து வென்ற இடத்தில் தலைநகர் அமைத்தல் தென்னிந்திய அரசமரபுக் கதைகளில் மீள மீள வருவது. வேட்டை நாய்களை முயல் எதிர்த்த இடத்தில் விசயநகரம் எழுந்தது என்ற செய்தியை 16ஆம் நூற்றாண்டின் போர்த்துக்கேயர் பெர்னாவோ நூனிஸ் பதிவுசெய்துள்ளார். பாஞ்சாலங்குறிச்சிக்கும் இவ்வகைக் கதை உண்டு. நிலத்திற்கே ஒரு வீறு உண்டு. அந்நிலத்தில் வாழும் எளியதும் வலியதை வெல்லும். ஆகவே அந்நிலத்தை ஆள்பவன் வெல்லற்கரியவன் என்பதே இக்கதைகளின் கருத்து. இவை ஊரின் பிறப்பைப் பதிவதைவிட அரசின் உரிமையை நிலைநாட்டுவதையே நோக்கமாகக் கொண்டவை.

மலையாள நாட்டின் கோழிக்கோடும் இங்குக் கருதத்தக்கது. சேரமான் பெருமாள் தன் நாட்டைப் பகிர்ந்தளித்த பின்னர், தளிக் கோயிலில் நின்று கூவும் கோழியின் குரல் எட்டும் அளவு நிலத்தைச் சாமூதிரி மரபினருக்குத் தந்தார் என்பது அவ்வூர்ப் பெயருக்குக் கூறப்படும் கதை. ஆய்வாளர் சிலர் அப்பெயரைக் கோயிலும் கோட்டையும் இணைந்ததாகக் கருதுவர். பெயரில் கோழி என்ற ஒலி கேட்டதும் கோழிக்கு ஒரு தொழில் கற்பிக்கப்படுகிறது: உறையூரில் அது போரிடுகிறது, கோழிக்கோட்டில் எல்லை வகுக்கிறது. ஓசை எட்டும் தொலைவே ஊரெல்லை என்ற கருத்து இலண்டன் தேவாலய மணிக்கும் பொருந்துவது நோக்கத்தக்கது. அளவுகோல் எட்டாத காலத்தில் செவியே எல்லைக்கல்லாயிற்று.

உறையூர்க் கதை உண்மையிலேயே சோழ அரசின் தோற்றக் கதையாக ஆதியில் வழங்கியிருப்பின், அரச சின்னங்களில் கோழி இடம்பெற்றிருத்தல் வேண்டும். சோழர் கொடியில் பொறிக்கப்பட்டது புலி. சூடிய மாலை ஆத்தி. கோழிக்கொடி முருகனுக்கு உரியதாகவே தமிழ்மரபு கூறும். தம் தலைநகரின் வீரக்கதை எனச் சொல்லப்படுவதை அரசரே தம் கொடியில் ஏற்றவில்லை என்பது கதையின் பிற்காலத் தோற்றத்திற்கு மற்றொரு குறிப்பாகும்.

உறையூர்ப் பெயர்கள் வேறு வகையாலும் மறுவிளக்கம் பெற்றன. 674ஆம் ஆண்டைச் சார்ந்த கத்வால் செப்பேடு, சாளுக்கிய முதலாம் விக்கிரமாதித்தன் காவிரித் தென்கரையில் ‘உரகபுரம்’ என்ற இடத்தில் பாசறை கொண்டதைக் கூறுகிறது. உரகம் என்பது வடமொழியில் பாம்பு. உறை என்ற தமிழ் அடியை வடமொழிச் செவி உரகமாகக் கேட்டது. உறையூர்ச் சிவன் கோயிலாகிய திருமூக்கீச்சரத்தின் பெயரிலுள்ள ‘மூக்கு’ என்பதை யானையைக் குத்திய கோழியின் அலகோடு தலமரபு இணைக்கிறது. ஊர்ப்பெயர் விளக்கமாகத் தோன்றிய கதை கோயிற்பெயர் விளக்கமாகவும் நீண்டமைக்கு இது சான்று.

கோழியர்: ஊராரும் வேந்தரும்

ஊர்ப்பெயரோடு ‘அர்’ விகுதி சேர்ந்து ஊராரைக் குறித்தல் பழந்தமிழ் வழக்கு. உறந்தையர், கூடலர், கோழியர் ஆகியவை இவ்வகையின. முத்தொள்ளாயிரம் சோழனைக் ‘கோழியர் கோ’ எனக் குறிக்கும் பாடலில், அவன் களிறு கச்சியையும் உஞ்சையையும் ஈழத்தையும் ஒவ்வோர் அடியால் மிதித்து வருவதாகப் புனைந்துரைக்கப்படுகிறது. கோழியிடம் தோற்ற யானையின் நிழல் இப்பாட்டில் சிறிதும் இல்லை. கோழியருடைய வேந்தனின் யானை எதிர்ப்பாரின்றி நடக்கிறது. கதை இப்புலவருக்கு நகரப்பெயரோடு ஒட்டிய செய்தியாக இருந்திருப்பின், யானையின் வெற்றியைப் பாடும் இடத்தில் அப்பெயரைத் தேர்ந்திருத்தல் அரிது.

இப்பாடலில் கோழியர் என்பார் பெயரளவில் மக்கள். செயலளவில் வேந்தனுக்கு அடை. அவர்கள் யாது செய்தனர், எவ்வாறு பேசினர் என்பது கூறப்படவில்லை. நிகண்டுகள் சோழனின் பெயர்களுள் ஒன்றாகக் ‘கோழிவேந்தன்’ என்பதைத் தருகின்றன. கோழியை உறையூரின் பெயராகவும் தருகின்றன. ஆயின் ‘கோழியர்’ என்ற மக்கட்பெயர் தனித்த வாழ்வு பெறவில்லை. நெய்வோரும் சாயமேற்றுவோரும் தம்மைக் கோழியர் என அழைத்துக்கொண்டமைக்குப் பாட்டிலக்கியத்தில் இடமில்லை.

குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியில் இம்மாற்றம் முழுமை பெறுகிறது. அரங்கனின் மெய்யடியாரைப் போற்றும் இரண்டாம் பதிகத்தின் முடிவில் சேரவேந்தராகிய ஆழ்வார் தம்மைக் கொல்லிக்கும் கூடலுக்கும் கோழிக்கும் தலைவராகக் கூறிக்கொள்கிறார். கொல்லிமலை சேரரைக் குறிப்பது போலக் கூடல் பாண்டியநாட்டையும் கோழி சோழநாட்டையும் குறிக்கின்றன. ஊரின் பெயர் நாட்டின் பெயராயிற்று. அவ்வூரில் பிறந்தறியாத வேந்தரும் அதனைத் தமக்குரியதாகக் கூற முடிந்தது.

9ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் விசயாலய சோழன் தஞ்சையைக் கைப்பற்றியதும் அரசிருக்கை அங்கு மாறியது. 11ஆம் நூற்றாண்டில் கங்கைகொண்ட சோழபுரம் எழுந்தது. உறையூர் பழம்பெருமைக்குரிய ஊராக மட்டும் எஞ்சியது. வேந்தனைச் சார்ந்து நின்ற பெயர் வேந்தன் அகன்றதும் பற்றுக்கோடு இழந்தது. மக்கள் நாவில் நின்றது ‘உறையூர்’ என்ற பெயரே. அவ்வூரின் வீழ்ச்சிக்கு மண்மாரி பொழிந்த கதையும், அதனோடு இணைத்துக் கூறப்படும் கூரையற்ற வெக்காளியம்மன் கோயிலும் இன்றும் ஊராரால் போற்றப்படுகின்றன. அக்கதையில் கோழிக்கு இடமில்லை. எழுச்சியின் கதை புலவரிடம் தங்கியது. வீழ்ச்சியின் கதையே ஊராரிடம் நிலைத்தது.

திருக்கோழி: அரங்கத்தின் வழக்கு

இவ்வாறு பேச்சுவழக்கில் மறைந்த ‘கோழி’ முற்றிலும் அழியாமைக்குக் காரணம் காவிரியின் மறுகரையில் உள்ளது. வைணவரின் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் திருவரங்கம் முதலாவது, உறையூர் இரண்டாவது. இரண்டாவது திருப்பதிக்கு அம்மரபு வழங்கும் பெயர் ‘திருக்கோழி’. திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் கோழியையும் கூடலையும் இணைத்துப் பாடியதே இத்தலத்திற்குரிய மங்களாசாசனமாகக் கொள்ளப்படுகிறது. திருப்பாணாழ்வார் அவதரித்த ஊரும் இதுவே.

உறையூரில் எழுந்தருளியுள்ள கமலவல்லி நாச்சியார், நந்தசோழனுக்குத் தாமரையில் கிடைத்த மகளாக வளர்ந்து அரங்கனை மணந்தவர் என்பது மரபு. அங்குச் சன்னிதி வடக்கு நோக்கி, அரங்கத்தின் திசை நோக்கி அமைந்துள்ளது. ஆண்டுதோறும் பங்குனிப் பெருவிழாவில் நம்பெருமாள் திருவரங்கத்திலிருந்து காவிரியைக் கடந்து உறையூருக்கு எழுந்தருளி, நாச்சியாரின் திருநட்சத்திரமான ஆயில்யத்தன்று சேர்த்தி கண்டருளுகிறார். 17ஆம் நூற்றாண்டில் திருவரங்கத்தில் வாழ்ந்த பிள்ளைப்பெருமாள் ஐயங்காரின் நூற்றெட்டுத் திருப்பதி அந்தாதி முதலாய நூல்கள் திருப்பதி வரிசையைத் தொடர்ந்து பாடி நிலைபெறச் செய்தன.

இவ்வழக்கில் கோழி என்ற பெயரின் பொருள் மீண்டும் மாறியது. இங்கு யானையை வென்ற வீரம் முதன்மையன்று. சோழன் மகளை அரங்கன் மணந்த உறவே முதன்மை. போரின் பெயராக விளங்கிக்கொள்ளப்பட்டது மணவுறவின் தலப்பெயர் ஆயிற்று. திருவரங்கத்தார் உறையூரை நாச்சியாரின் பிறந்தகமாகக் கருதுவதால் அப்பெயர் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. ஊரார் கைவிட்ட பெயரை அண்டை ஊரின் வழிபாடு காத்தது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் பின்வருவன பெறப்படுகின்றன. உறையூரைக் ‘கோழி’ என வழங்குதல் சங்கப் பாடல்களிலேயே உள்ளது. யானையை வென்ற கதை அப்பாடல்களில் இல்லை. சிலப்பதிகாரத்தில் ‘வாரணம்’ என்ற இருபொருட்சொல்லின் ஆட்சியோடு கதை வெளிப்படுகிறது. உரையாசிரியர் காலத்தில் அது பெயர்க்காரணமாக உறுதிபெறுகிறது. ஆகவே கதையைப் பெயரின் பிறப்பாகக் கொள்ளாமல், பெயரைப் பின்வந்தோர் விளங்கிக்கொண்ட முறைக்குச் சான்றாகக் கொள்ளுதலே தகும். கோழிக்கோடும் இலண்டனும் இம்முறை உறையூருக்கு மட்டும் உரியதன்று என்பதை உணர்த்துகின்றன.

காக்னி என்ற பெயரும் கோழியர் என்ற பெயரும் எதிரெதிர்த் திசையில் சென்றன. முன்னது இகழ்ச்சியில் தொடங்கி எளிய மக்களின் பெருமிதத்தில் முடிந்தது. 1666ஆம் ஆண்டுத் தீயில் அத்தேவாலயம் எரிந்தது. 1941இல் குண்டுவீச்சில் மீண்டும் அழிந்தது. 1961வரை மணியோசை எழவில்லை. ஆயினும் அப்பெயரைச் சுமந்த மக்கள் இருந்தமையால் பெயர் நிலைத்தது. பின்னது புகழில் தொடங்கியது. வேந்தனின் அடைமொழியாக உயர்ந்தது. ஊராரின் நாவில் வேர்கொள்ளாமையால் வேந்தனோடு மறைந்தது.

சென்னைப் பேச்சுவழக்கு உட்படத் தமிழ்நாட்டு நகரங்களின் மக்கட்பெயர்களையும் வழக்குப்பெயர்களையும் ஆராய முற்படுவோர் அவற்றை யார் இட்டனர் என்பதோடு யார் தொடர்ந்து வழங்கினர் என்பதையும் வினவுதல் வேண்டும். உறையூரைப் பொறுத்தவரை, கல்வெட்டுகளிலும் கோயில் ஒழுகுகளிலும் ‘கோழி’, ‘உறையூர்’ ஆகிய பெயர்கள் எவ்வெச்சூழலில் மாறி மாறி வருகின்றன என்பதைக் கால வரிசையில் தொகுத்தல் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.